ஆறு வயதுப் பொடியன் அக்காவின் புலமைப்பரிசில் தாளைச் செய்கிறான். இவனை வேறு மாதிரி வளர்க்க வேண்டுமா?

இரண்டு பிள்ளை அம்மா, வெள்ளவத்தை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கதைக்க வெளியில் ஆள் இல்லை. கதைத்தால் பெருமை அடிக்கிறேன் என்கிறார்கள்.

மகளுக்குப் பத்து வயது, தரம் 5. இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். மகனுக்கு ஆறு வயது, தரம் 1. போன செவ்வாய்க்கிழமை இரவு மகள் மேசையில் மாதிரி வினாத்தாளோடு இருந்தாள். கண்ணாடியில் தெரியும் மணிக்கூட்டின் படத்தைப் போட்டு, உண்மையான நேரம் என்ன என்று கேட்பார்களே, அந்தக் கேள்வி. கண்ணாடியில் 4.40. அவள் கொப்பியில் மணிக்கூடு கீறுவதும் அழிப்பதும் திரும்பக் கீறுவதுமாகக் கால் மணித்தியாலம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் இடியப்பம் பிசைந்த கையோடு எழும்பி வந்தான். தாளைப் பின்பக்கம் திருப்பி லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஏழு இருபது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். தாளின் மூலையில் சொதி.

நான் சிரித்துவிட்டேன். "அட, என்ன மூளையடா உனக்கு" என்று வாயிலும் வந்துவிட்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், இனி மடிக்க ஏலாது என்கிற அளவுக்கு மடித்தாள். குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

இவன் மூன்று வயதில் வாசிக்கத் தொடங்கினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலி வீதியில் போகும் 100, 101 பஸ் போர்டுகளில்தான் தொடக்கம். ஒரே ஊர்ப்பெயர் சிங்களத்தில், தமிழில், இங்கிலீஷில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து மூன்றையும் தானே பொருத்திக்கொண்டான். இப்போது தமிழில் பிழையாக எழுதிய பெயர்ப்பலகையைக் கண்டால் நடு றோட்டில் நின்று வாசித்துத் திருத்துவான். இந்த ஊரில் அப்படிப் பார்த்தால் ஒரு நாளும் வீடு வந்து சேர முடியாது. கோட்டையிலிருந்து மொரட்டுவை வரை கரையோர ரயில் நிலையங்களை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்வான். நடுவில் ஒன்றை நாங்கள் வேண்டுமென்று விட்டுவிட்டுச் சொன்னால் கோபம் வரும்.

இதே பிள்ளைக்குச் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது. பழக மாட்டான். ஒருமுறை முடிச்சு அவிழ்ந்தால் சப்பாத்தையே தூக்கி எறிவான். லூடோவில் தோற்றால் பலகை கவிழும். பந்து விளையாட்டுக்குப் போவதே இல்லை. சூரியன் இன்னும் 500 கோடி வருடத்தில் எரிந்து முடியும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு இரண்டு கிழமையாக நித்திரை இல்லை. "அப்ப அம்மா எங்க இருப்பீங்க?" என்று என் நைட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறான்.

வகுப்பு மிஸ் சொல்வது: ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு வாங்கிலில் இருந்து இறங்கி நடக்கிறான், மற்றப் பிள்ளைகளுக்கு விடை சொல்கிறான், குழப்படி. மாமியார் சொல்வது: இவன் இன்னொரு ராமானுஜன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு ஸ்டேஷன் பெயர் சொல்லச் சொல்கிறார். கணவர் சொல்வது: சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றி ஒரு வகுப்பு மேலே போட்டால் என்ன? மெல்பேர்னில் இருக்கும் மச்சான் சொல்வது: உடனே ஐக்யூ டெஸ்ட் எடுங்கள், இப்படிப் பிள்ளைகளுக்கு வளர்ப்பு முறையே வேறு. என் அம்மா மட்டும், "பிள்ளையைப் பிள்ளையாக விடு" என்கிறா.

எல்லாரும் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது போலத்தான் தெரிகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவனுக்கு உண்மையிலேயே வேறு வளர்ப்பு வேண்டுமா? வேண்டும் என்றால், அதே வீட்டில் வளரும் மகளை என்ன செய்வது?

---

பம்பலப்பிட்டி மாமா

பரீட்சை முடியும் வரை அவனை அந்த மேசைப் பக்கம் விடாதீர்கள். மற்ற யோசனை எல்லாம் பிறகு.

மாமியாருக்கு ஒரு தகவல்: ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு, கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவிப்பணத்தை இழந்தவர். ஒப்பிடுவதென்றால் முழுதாக ஒப்பிடச் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற டீச்சர், தெஹிவளை

தங்கச்சி, 34 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தேன். எங்கள் பயிற்சிக் காலத்தில் 'மீத்திறன் மாணவர்', அதாவது வயதுக்கு மீறிய திறமை உள்ள பிள்ளைகள், என்று ஒரு பாடம் இருந்தது. படித்துப் பரீட்சையும் எழுதினோம். வகுப்பில் 42 பிள்ளைகளோடு நிற்கும்போது அதில் ஒரு வரியும் ஞாபகத்துக்கு வராது.

என்னிடம் ஒரு பிள்ளை இருந்தாள். பத்துக் கூட்டல் கணக்குக் கொடுத்தால் மற்றவர்கள் தலைப்பு எழுதி முடிக்கும் முன் அவள் கணக்கை முடித்துவிடுவாள். நான் என்ன செய்தேன்? இன்னும் பத்துக் கொடுத்தேன். அதையும் முடித்தால் இன்னும் பத்து. ஒரு மாதத்தில் அவள் ஆகக் கடைசியாகக் கொப்பி கொண்டுவரும் பிள்ளையாகிவிட்டாள். எனக்கு விளங்கவில்லை. அவளுடைய அம்மா வந்துதான் சொன்னா, "கெதியாச் செய்தா மிஸ் கூடத் தருவா என்று மெதுவாச் செய்யுறாளாம்." கெட்டிக்காரியாக இருந்ததற்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், அவனுக்கு வேண்டியது கூடுதலான வேலை இல்லை, வேறு வேலை. உங்கள் மகனின் மிஸ்ஸிடம் போய், சண்டைக்குப் போகாமல், ஒரு விடயம் மட்டும் கேளுங்கள்: எழுதி முடித்த பிறகு எடுத்துப் பார்க்க மேசைக்குக் கீழே ஒரு புத்தகம் வைக்கலாமா? அனேகமாக ஓம் என்பா. அவவுக்கும் அது நிம்மதி. 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடை தூரம். கொழும்பு 7இல் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, கோளரங்கமும் அந்தப் பக்கம்தான். சூரியனைப் பற்றிய பயத்தை "சும்மா படு" என்று அமத்தாதீர்கள். அவனோடு உட்கார்ந்து 500 கோடியை எழுதிப் பாருங்கள். ஐந்துக்குப் பின்னால் ஒன்பது பூச்சியம். மூளை அந்தக் கேள்விவரைக்கும் ஓடிவிட்டது, மனம் இன்னும் ஆறு வயதில் நிற்கிறது. கேள்விக்குப் பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல் பதில் சொல்லுங்கள், நித்திரைக்கு ஆறு வயதுப் பிள்ளைக்குத் தருவதுபோல் நைட்டி நுனியைக் கொடுங்கள். இரண்டும் ஒரே இரவில் நடக்கலாம்.

அப்புறம் அந்த லேஸ். லேஸ் பழக மாட்டான் என்றீர்களே, எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் யோசனை. 1998இல் அமெரிக்காவில் மியூலர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதிர்கள் கொடுத்துவிட்டு, சிலரிடம் "நீ நல்ல மூளைசாலி" என்றார்கள். சிலரிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்த சுற்றில் மூளையைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் சுகமான புதிரைத்தான் கூடுதலாக எடுத்தார்கள். கஷ்டமானது வந்ததும் சோர்ந்தார்கள். யாரும் பெரிதாகப் பேசாத ஒரு பகுதியும் அதில் இருக்கிறது. தங்கள் புள்ளியை வேறு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, மூளையைப் பாராட்டப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டி எழுதினார்கள். பொய்! பத்து வயதில், முகம் தெரியாத பிள்ளைக்கு. உங்கள் மகனுக்குத் தன் பெயரே 'கெட்டிக்காரன்' என்று ஆகிவிட்டது. முடிச்சு அவிழ்ந்தால் அந்தப் பெயரும் அவிழும் என்று பயப்படுகிறான்.

மகளைப் பற்றி: கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த காலத்தில் புலமைப்பரிசில் தொடங்கியது ஊர்ப்புறத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையானவர்களை மத்திய கல்லூரிகளுக்கு எடுக்கத்தான். இன்று அது வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வகுப்பு வைத்து நடக்கிற வியாபாரம். மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி, தெரிவாகத் தேவையான வெட்டுப்புள்ளி மாறுகிறது. அதைப் பிள்ளையின் மூளையை அளக்கும் தராசு என்று வீட்டில் யாரும் கதைக்க விடாதீர்கள்.

---

கொட்டாஞ்சேனைக்காரன்

டீச்சர் வெளியிலிருந்து பார்த்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். வயது 61.

1972இல் எனக்கு டபுள் புரமோஷன் கிடைத்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து நேரே நாலாம் வகுப்பு. அந்தக் காலத்தில் அது பெரிய விடயம். அப்பா கொட்டாஞ்சேனைச் சந்தியில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். நாலாம் வகுப்பில் முதல் கிழமையே சேர் கரும்பலகையில் நீள் வகுத்தல் போட்டார். மற்றவர்கள் அதை மூன்றாம் வகுப்பில் படித்திருந்தார்கள். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கையைத் தூக்கி "தெரியாது சேர்" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. சொல்லவில்லை. டபுள் புரமோஷன்காரன் எப்படித் தெரியாது என்பான்? பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைச் சாடையாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கக்கூசுக்குள் பென்சிலோடு இருந்து நானாகக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மூன்று நாளில் பிடித்தும் விட்டேன். ஆனால் அந்த மூன்று நாளில் நான் படித்தது வகுத்தல் இல்லை, தெரியாததை மறைக்கிற வித்தை. அதைப் பத்து வருடம் விடாமல் பயின்றேன்.

அப்பா நல்லவர். ஒரே ஒரு பழக்கம், விருந்தாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார். "தம்பி, 37ஐ 48ஆல் பெருக்கு." நான் 1776 என்பேன். விருந்தாளி தான் பெருக்கிப் பார்க்கப் பேனை தேடுவார். அவருடைய தேத்தண்ணி ஆறும். எல்லாரும் கை தட்டுவார்கள். அம்மா குசினி வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்ப்பா. பிழையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது, ஏனென்றால் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன். தங்கச்சி, ஸ்டேஷன் பெயர் சொல்லச் சொல்லும் உங்கள் மாமியாரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அன்பாகத்தான் செய்கிறா. என் அப்பாவும் அன்பாகத்தான் செய்தார்.

ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவில் வாழ்க்கையில் முதல் தரமாக உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது. உட்காரத் தெரியவில்லை. முதல் தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் எழுத வேண்டிய வருடம் 1983. அந்தக் கதையை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு கணக்காளன் ஆனேன், குறை ஒன்றும் இல்லை.

வில்லியம் சிடிஸ் என்று ஒருவர் இருந்தார். 1909இல் 11 வயதில் ஹார்வர்டுக்குள் போனவர். தகப்பன் உளவியலாளர், தன் வளர்ப்பு முறைக்கு மகனையே சாட்சியாக ஊருக்குக் காட்டியவர். பத்திரிகைக்காரர்கள் அந்தப் பிள்ளையை நிம்மதியாக விடவில்லை. பெரிய ஆளான பிறகு அவர் யார் கண்ணிலும் படாமல் சின்னச் சின்னக் கிளார்க் வேலை பார்த்தார். ட்ராம் வண்டி மாறும்போது தருகிற டிக்கெட்டுகளைச் சேர்த்தார். அந்த டிக்கெட்டுகளைப் பற்றி வேறு பெயரில் ஒரு புத்தகமே எழுதினார். 46 வயதில் இறந்தார். பாவம் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த டிக்கெட்டைத்தான் சிரிப்பாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, அந்த மனிதன் யாருக்கும் காட்டாமல் தனக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று படும். உங்கள் பொடியனுக்கு ஸ்டேஷன் பெயர் பிடித்திருந்தால் அது அவனுடையதாகவே இருக்கட்டும். சபையில் ஏற்றாதீர்கள்.

வகுப்புத் தாண்டல் வேண்டாம். என் வாக்கு அதற்கு எதிராக.

---

ஓய்வுபெற்ற டீச்சர், தெஹிவளை

தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் அந்தக் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் 1971இல் தொடங்கிய ஆய்வில், கணக்கில் முன்னுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பல பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேகமாகப் போக விட்ட பிள்ளைகள் பொதுவாகக் கெட்டுப்போகவில்லை. உங்களுக்குக் கெடுதல் செய்தது தாண்டலா, தாண்டியவனைத் தனியாக விட்டதா? யாராவது உங்களைக் கூட்டிவைத்து அந்த ஒரு வருடப் பாடத்தைச் சொல்லித் தந்திருந்தால்?

இந்தப் பிள்ளைக்கு இப்போது தாண்டல் வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். காரணம் வேறு. லூடோப் பலகையைக் கவிழ்க்கிறவனை வயதில் மூத்த பொடியன்கள் நடுவில் விட்டால் சாப்பிட்டுவிடுவார்கள்.

---

கொட்டாஞ்சேனைக்காரன்

யாராவது சொல்லித் தந்திருந்தால்... அது சரிதான் டீச்சர். அப்படி நான் யோசித்ததில்லை.

---

நுகேகொடை ஹசீனா

டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். மகளுக்கு எட்டு வயதில் வெக்ஸ்லர் என்ற ஐக்யூ சோதனை எடுத்தோம். அதில் சராசரி 100. 130க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் வருவார்கள். எங்களுக்கு உதவியது அந்த மொத்த இலக்கம் இல்லை, உள்ளே பிரித்துத் தந்த புள்ளிகள். சொல்லில், யோசிப்பதில் மேலே. எழுத்து வேகம் சார்ந்த பகுதியில் நன்றாகக் கீழே. அதுவரை 'சோம்பேறி, தெரிந்தும் எழுதமாட்டாள்' என்று எல்லாரும் ஏசிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்குக் கை ஓடவில்லை. லேஸ் கட்டாதது பயத்தினாலா, விரலினாலா என்று பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. டீச்சர் சொன்னதே சரியாக இருக்கலாம், ஆனால் பார்க்காமல் முடிவு எடுக்க வேண்டாம். எடுப்பதானால் அவன் கூடக் கதைக்கிற மொழியில் எடுங்கள். இல்லாவிட்டால் இங்கிலீஷைத்தான் அளப்பார்கள்.

இலக்கத்தை மகளுக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்கும் சொல்லவில்லை. உம்மாவுக்குச் சொன்னால் பள்ளிவாசல் வரைக்கும் போய்விடும். இலக்கத்தையே பெரிதாக எடுக்கவும் வேண்டாம். 1921இல் கலிபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் இப்படிச் சோதனை வைத்து 1,500 பிள்ளைகளை எடுத்தார். அந்தச் சோதனையில் புள்ளி போதாமல் வெளியில் நின்றவர்களில் ஷாக்லி, அல்வாரெஸ் என்று இரண்டு பேர் பிறகு பௌதிகத்தில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

---

இரண்டு பிள்ளை அம்மா, வெள்ளவத்தை

எல்லாருக்கும் நன்றி. மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மாமியாரிடம் நான் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை அண்ணா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஆறும் இடத்தில் ஒரு மாதிரி ஆகிவிட்டா. போன ஞாயிறு விருந்தாளி வந்தபோது அவனைக் கூப்பிட வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டா. வகுப்பு மிஸ் புத்தகத்துக்கு ஓம் என்றுவிட்டா. அது சரி வரும் போலத்தான் இருக்கிறது. விரலைப் பார்த்தேன் ஹசீனா, பென்சில் பிடிப்பதில் பிழை தெரியவில்லை. ஆனாலும் ஒருக்கால் காட்டப் போகிறேன். டெஸ்ட்டைத் தள்ளி வைத்திருக்கிறோம். கணவர் இன்னும் சர்வதேசப் பாடசாலைகளின் கட்டணத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கட்டணத்தைப் பார்த்தபின் கொஞ்சம் அமைதி.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் அவனுக்குச் சைக்கிள் பழக்கப் போனோம். பக்கத்து வீட்டுச் சைக்கிள். நாலு தரம் விழுந்தான். ஐந்தாம் தரம் ஏறவில்லை, மதிலோரம் குந்திக்கொண்டு "எனக்குச் சைக்கிள் பிடிக்கல்ல" என்றான். சரி, வா வீட்டுக்கு என்று சொல்லப் போனேன். மகள் அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கும் அந்த மணிக்கூட்டுக் கணக்குப் பிடிக்கல்ல. நேற்று செய்திட்டேன்."

"திருப்பிப் பார்த்தா?"

"சோதனையில தாளைத் தூக்கிப் பிடிச்சா மிஸ் விடுவாவா? பன்னிரண்டில இருந்து கழிச்சேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஒரு கல்லை எடுத்து றோட்டில் 12.00 என்று எழுதி, அதற்குக் கீழே 4.40 எழுதினான். மணித்தியாலத்தில் கடன் வாங்கும்போது 100 வாங்கிவிட்டான். 7.60 என்று வந்தது. "பிழை" என்றாள் இவள். "நூறு இல்ல, அறுபது." எறிவான் என்று பார்த்தேன். எறியவில்லை. சப்பாத்தால் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். ஏழு இருபது வந்ததும் வேறு நேரம் சொல்லச் சொன்னான், பிறகு இன்னொன்று. ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது, அதைக்கூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருட்டும் வரை றோட்டெல்லாம் கழித்தல்.

சைக்கிள் அப்படியே கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் கேட்டு வைத்திருக்கிறேன்.